ஊர் கூடினால்தான் தேர்: கணையத்தின் பொட்டாசியம் வாய்க்கால் கூடுவதும் நிலை சேர்வதும் – ஒரு நிகழ்வு ஆய்வு

பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குழந்தை துவண்டு கிடக்கிறது. பால் குடிக்கச் சுணங்குகிறது. கை கால் வெட்டி இழுக்கிறது. குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் குளுக்கோஸ் மிகக் குறைவு. நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினால் அளவு உயர்கிறது, ஏற்றுவதைக் குறைத்ததும் சரிந்துவிடுகிறது. பச்சிளங்குழந்தைக்குப் பொதுவாக எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு 4 முதல் 6 மில்லிகிராம் குளுக்கோஸ் போதும். இந்தக் குழந்தைக்கு 8, 10, சில நேரம் 15ஐத் தாண்டியும் தேவைப்படுகிறது. சர்க்கரை இவ்வளவு தாழ்ந்த நிலையில் ரத்தத்தில் கீட்டோன் கூடியிருக்க வேண்டும், கூடவில்லை. இன்சுலின் அடங்கியிருக்க வேண்டும், அடங்கவில்லை.

பிறவி இன்சுலின் மிகை என்று மருத்துவம் சொல்லும் நோயின் பாடநூல் தோற்றம் இது. உலகில் ஏறத்தாழ 40,000 முதல் 50,000 பிறப்புகளுக்கு ஒன்று. மத்திய பின்லாந்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,200க்கு ஒன்று என்ற அளவுக்கு இது அடர்ந்திருந்தது. 1999இல் டிமோ ஒடோன்கோஸ்கியும் கூட்டாளிகளும் பின்லாந்து நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்தபோது பாதிக்கு மேற்பட்டோரிடம் ஒரே பிழை தென்பட்டது. கணையச் செல்லின் பொட்டாசியம் வாய்க்காலில் ஒரு பகுதியான புரதத்தின் 187ஆவது இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும், அங்கே அஸ்பார்டிக் அமிலம் இருந்தது. வி187டி என்று அதைக் குறிப்பார்கள். டயசாக்சைடு என்ற வழக்கமான மருந்து அந்தக் குழந்தைகளில் வேலை செய்யவில்லை. பலருக்குக் கணையத்தின் பெரும்பகுதியை அறுத்தெடுக்க வேண்டியிருந்தது.

அந்த ஒற்றை அமினோ அமிலம் என்ன கெடுத்தது? "வாய்க்கால் வேலை செய்யவில்லை" என்பது ஒரு பதில். மரபணு அறிக்கைகளில் "செயலிழப்பு" என்று ஒரே சொல்லில் வருவது அதுதான். அந்தச் சொல் எனக்குப் போதவில்லை. தறியில் பழுதான துணியும் கிடங்கிலேயே தங்கிப்போன துணியும் கடைக்கு வராதவைதான், ஆனால் இரண்டுக்கும் மாற்று ஒன்றல்ல. இந்த வாய்க்காலின் கதையில் அந்த வேறுபாட்டைத் தடயம் தடயமாகப் பின்தொடர முடிகிறது. அதனால்தான் இதை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன்.

வாய்க்காலின் வேலை

சேனல் என்று ஆய்வகங்களில் சொல்வதை இங்கே வாய்க்கால் என்றே எழுதுகிறேன். கணையத்தின் பீட்டா செல்லின் சவ்வில் இருக்கும் கே-ஏடிபி வாய்க்கால், பொட்டாசியம் அயனிகளைச் செல்லுக்குள்ளிருந்து வெளியே விடுகிறது. அது திறந்திருக்கும்வரை செல்லின் உட்புறம் எதிர்மின் தன்மையுடன் அமைதியாக இருக்கும், இன்சுலின் வெளியேறாது. சாப்பிட்டபின் குளுக்கோஸ் உள்ளே வந்து எரியும்போது செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி (ATP) பெருகி, வாய்க்காலை மூடுகிறது. பொட்டாசியம் வெளியேறுவது நின்றதும் சவ்வின் மின்னழுத்தம் மாறும், கால்சியம் வாய்க்கால்கள் திறக்கும், கால்சியம் உள்ளே பாயும், இன்சுலின் பொதிகள் வெளியே கொட்டும். சர்க்கரை குறைந்தால் எல்லாம் தலைகீழ்: ஏடிபி குறைந்து, அது சிதைந்து உருவாகும் டைபாஸ்பேட் (ADP) உயர, வாய்க்கால் மறுபடி திறக்கும்.

சவ்வில் இந்த வாய்க்காலே இல்லையென்றால் செல்லுக்கு ஓய்வுநிலை கிடையாது. உடலில் சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்று பாராமல் இன்சுலின் கசிந்துகொண்டே இருக்கும். குழந்தையின் மூளை பட்டினி கிடக்கும். இன்சுலின் கொழுப்பு எரிவதையும் தடுப்பதால் மாற்று எரிபொருளான கீட்டோனும் மூளைக்குக் கிடைக்காது. இந்த நோயில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியமாவது அதனால்தான்.

1983இல் அகினோரி நோமா இதயத் தசைச் செல்களில் இந்த மின்னோட்டத்தை முதலில் கண்டார். அடுத்த ஆண்டே கணைய பீட்டா செல்களிலும் அது இருப்பதும், குளுக்கோஸ் அதை மூடுவதும் தெரிந்தன. ஆனால் அந்த மின்னோட்டம் எந்தப் புரதத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க மேலும் 11 ஆண்டுகள் ஆயின. தாமதத்துக்குக் காரணம், தேடியவர்கள் ஒரு புரதத்தைத் தேடினார்கள். இருந்தவை இரண்டு.

எட்டுத் துண்டுகள்

துப்பு கொடுத்தது சர்க்கரை நோய் மாத்திரை. நம் வீடுகளில் பலரும் பார்த்திருக்கும் கிளிபென்கிளமைடு, சல்ஃபொனைல்யூரியா என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் சர்க்கரை குறைக்கும் குணம் 1942இல் பிரான்சின் மோன்பெலியேவில், டைஃபாய்டுக்கான மருந்தைப் பரிசோதித்தபோது தற்செயலாகத் தெரிந்தது. அது எங்கே ஒட்டிக்கொண்டு வேலை செய்கிறது என்று அரை நூற்றாண்டுக்கு யாருக்கும் தெரியவில்லை. ஹூஸ்டனில் லிடியா அகிலார்-பிரையனும் ஜோசப் பிரையனும் கதிரியக்க அயோடின் சேர்த்த மருந்து மூலக்கூறைத் தூண்டிலாக்கி, அது பிடித்த புரதத்தை 1995இல் அடையாளம் கண்டார்கள். சல்ஃபொனைல்யூரியா ஏற்பி, சுருக்கமாக சர்-1. ஏறத்தாழ 1,580 அமினோ அமிலங்கள் கொண்ட பெரும் புரதம்.

சர்-1ஐ மட்டும் ஒரு செல்லில் உருவாக்கிப் பார்த்தார்கள்: மருந்து ஒட்டியது, மின்னோட்டம் வரவில்லை. அதே ஆண்டு ஜப்பானின் நோபுயா இனகாகியும் சுசுமு செய்னோவும் அமெரிக்கக் குழுவுடன் சேர்ந்து கிர்6.2 என்ற சிறிய புரதத்தைத் துணைக்குச் சேர்த்தபோது மின்னோட்டம் உயிர் பெற்றது. கிர்6.2 வெறும் 390 அமினோ அமிலங்கள். பொட்டாசியம் கடந்துபோகும் துளை அதனுடையது. ஆனால் அதையும் தனியாக உருவாக்கினால் மின்னோட்டம் இல்லை. இரண்டின் மரபணுக்களும், ஏபிசிசி8, கேசிஎன்ஜே11, 11ஆம் குரோமோசோமில் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கின்றன. அதே 1995இல் பிறவி இன்சுலின் மிகை கொண்ட குடும்பங்களில் சர்-1 மரபணுவில் பிழைகள் இருப்பதும் வெளிவந்தது. ஒரே ஆண்டில் புரதமும் நோயும் கைக்கு வந்தன.

எத்தனைக்கு எத்தனை? 1997இல் மூன்று குழுக்கள் இதற்கு விடை தேடின. அதில் ஒரு சோதனை எனக்கு மிகப் பிடித்தது. சர்-1ஐயும் கிர்6.2ஐயும் ஒரே சங்கிலியாக ஒட்டிச் செய்தால் வாய்க்கால் வேலை செய்தது. ஒரு சர்-1உடன் இரண்டு கிர்6.2 ஒட்டிய சங்கிலி வேலை செய்யவில்லை. தனியாக சர்-1ஐக் கூடுதலாகக் கொடுத்ததும் வேலை செய்தது. ஆக, ஒன்றுக்கு ஒன்று. துளைக்கு நான்கு கிர்6.2, சுற்றிலும் நான்கு சர்-1, மொத்தம் எட்டு. 2017இல் உறைகுளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கி அதைக் கண்ணுக்கே காட்டிவிட்டது: நடுவில் நான்கு, வெளியே நான்கு இறக்கைகளாக விரிந்த ஒரு காற்றாடி.

ஊர் கூடித் தேர் இழுப்பது என்பார்கள். இங்கே எட்டுப் பேர் கூடாமல் தேர் கிளம்புவதே இல்லை. ஏன் கிளம்புவதில்லை என்பதுதான் இந்த ஆய்வின் நடுப்பகுதி.

மூன்று எழுத்துக் காவல்

1997இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஃபிரான்சிஸ் ஆஷ்கிராஃப்டின் குழு ஒரு விந்தையைக் கண்டது. கிர்6.2இன் வால் நுனியில் 26 அல்லது 36 அமினோ அமிலங்களை வெட்டி எறிந்தால், சர்-1 துணையே இல்லாமல் அது மின்னோட்டம் தருகிறது. அதுவும் ஏடிபிக்கு மூடுகிறது. ஏடிபி ஒட்டும் இடம் கிர்6.2இலேயே இருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது, அது பெரிய முடிவு. ஆனால் மற்றொரு கேள்வி அப்படியே நின்றது. ஒரு புரதத்தின் உறுப்பை வெட்டினால் வேலை குறைய வேண்டும். இங்கே கூடியதே, எப்படி?

இரண்டு ஆண்டுகள் கழித்து, சான் பிரான்சிஸ்கோவில் லிலி ஜான், யூ நங் ஜான் ஆய்வகத்தில் நோவா ஜெரங்கும் பிளான்ச் ஷ்வாப்பாக்கும் விடை கண்டார்கள். வெட்டப்பட்ட அந்த வாலுக்குள் மூன்று அமினோ அமிலங்கள் வரிசையாக இருந்தன: ஆர்ஜினின், லைசின், ஆர்ஜினின். ஒற்றை எழுத்துகளில் ஆர்-கே-ஆர். அந்த மூன்றும் வெளியே தெரியும்வரை புரதம் செல் சவ்வுக்குப் போகாது. சவ்வுப் புரதங்கள் பிறக்கும் எண்டோபிளாச வலையிலேயே நிறுத்தி வைக்கப்படும். மூன்றையும் அலனைனாக மாற்றிவிட்டால் கிர்6.2 தனியாகவே சவ்வுக்குப் போய்ச் சேர்ந்தது. இதே மூன்றெழுத்தை வேறொரு சவ்வுப் புரதத்தில் ஒட்டினால் அதுவும் உள்ளேயே மாட்டிக்கொண்டது. ஆக, ஆக்ஸ்ஃபோர்டில் வெட்டியது வேலை செய்யும் உறுப்பை அல்ல, தடுத்து நிறுத்தும் குறியை. கிர்6.2 தனியாக மின்னோட்டம் தராமல் இருந்தது, துளை போட முடியாததால் அல்ல. அது வாசலுக்கு வந்ததே இல்லை.

அழகு அடுத்ததில் இருக்கிறது. அதே ஆர்-கே-ஆர் சர்-1இலும் இருக்கிறது, புரதத்தின் நடுவே. சர்-1 தனியாக இருந்தால் அதுவும் உள்ளேயே நிற்கும். இருவரும் முறையாகச் சேரும்போது ஒருவர் குறியை மற்றவர் மறைக்கிறார். எட்டில் ஒன்று குறைந்தாலும் எங்கோ ஓரிடத்தில் குறி வெளியே தெரியும், தேர் நகராது. ஒரு பக்கத்துக் குறியை மட்டும் அழித்துவிட்டால் அரைகுறைக் கூட்டுகள் சவ்வுக்குத் தப்பிப் போயின. அவை திறந்து மூடும் ஒழுங்கும் மாறிப்போயிருந்தது. இந்தக் காவல் எண்ணிக்கை பார்க்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

யார் அந்தக் காவலர்? எண்டோபிளாச வலையிலிருந்து, புரதங்களைப் பக்குவப்படுத்தி அனுப்பும் கோல்கை உறுப்புக்குப் புரதங்களைச் சுமந்து போகும் பொதிகள் உண்டு, கோல்கையிலிருந்து பின்னோக்கித் திரும்பும் பொதிகளும் உண்டு. பின்னோக்கிப் போகும் பொதியின் மேலுறைப் புரதம் கோப்-1. வெளியே தெரியும் ஆர்ஜினின் குறியை அது பிடித்துப் புரதத்தைத் திருப்பி அனுப்புகிறது. ஷ்வாப்பாக்கின் குழு 2003இல் மற்றொரு பங்காளியையும் கண்டது: 14-3-3 என்ற இரட்டைப் புரதம். கிர்6.2இன் வால் ஒற்றையாக இருந்தால் 14-3-3 தீண்டுவதில்லை. வால்கள் பலவாகக் கூடி நின்றால் ஒட்டிக்கொள்கிறது. கோப்-1க்கு ஒற்றையும் கூட்டும் ஒன்றுதான். இரண்டும் ஒரே குறிக்குப் போட்டியிடும்போது, கூட்டு உருவானதை உணர்ந்து ஆதரவாக நிற்பது 14-3-3. இரண்டு கைகளால் பிடிக்கும் ஒன்று, பிடிக்க இரண்டு இருக்கிறதா என்று பார்ப்பதன் மூலமே எண்ணிக்கையை அறிந்துகொள்கிறது. செல்லில் எண்ணத் தெரிந்தவர் யாருமில்லை. ஆனாலும் எண்ணிக்கை தவறுவதில்லை. படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு தீராத இடம் இது.

நிறுத்தும் குறி மட்டுமல்ல, கிளம்பச் சொல்லும் குறியும் உண்டு. கிர்6.2இல் 280ஆவது, 282ஆவது இடங்களில் உள்ள இரண்டு அமிலத்தன்மை கொண்ட அமினோ அமிலங்கள், முன்னோக்கிப் போகும் பொதிக்குள் ஏற்றிக்கொள்ளச் சொல்லும் சீட்டு. லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் சிவப்பிரசாதராவின் குழு 2009இல் இதைக் காட்டியது. அவர்களுக்கு வழிகாட்டியதே ஒரு நோயாளியின் பிழை: 282இல் குளுட்டமிக் அமிலத்துக்குப் பதில் லைசின். சீட்டு கிழிந்துவிட்டது, வாய்க்கால் ஏறவில்லை, குழந்தைக்கு இன்சுலின் மிகை. சர்-1இன் கடைசி வால்முனையும் இந்தப் பயணத்துக்கு வேண்டும் என்று வேறு சோதனைகள் காட்டியுள்ளன.

சவ்வுக்கு வந்தபின்னும் எண்ணிக்கை நிலையாக நிற்பதில்லை. பட்டினி நேரத்தில், லெப்டின் ஹார்மோன் தூண்டும்போது, ஏஎம்பிகே என்ற நொதியின் வழியாகக் கூடுதல் வாய்க்கால்கள் உள்ளிருந்து சவ்வுக்கு நகர்த்தப்படுகின்றன. எத்தனை வாய்க்கால் திறந்திருக்கிறது என்பதோடு எத்தனை வாய்க்கால் சவ்வில் இருக்கிறது என்பதையும் செல் ஆள்கிறது.

ஒரே நோய், வெவ்வேறு நிறுத்தங்கள்

இப்போது நோயாளிகளிடம் திரும்பலாம். ஓரிகானில் ஷோ-லிங் ஷிங்கின் ஆய்வகம் ஆண்டுக்கணக்கில் செய்த வேலை, ஒவ்வொரு பிழையையும் எடுத்து "நீ எங்கே நின்றாய்?" என்று கேட்டதுதான்.

கேட்கும் முறை எளிது. சர்-1 எண்டோபிளாச வலையில் இருக்கும்போது அதன் மேல் ஒட்டும் சர்க்கரைத் தொடர் சிறியது. கோல்கையைக் கடந்தபின் அது பெரிதாகிவிடும். புரதங்களை ஜெல்லில் ஓடவிட்டால், உள்ளே நின்றவை கீழ்ப்பட்டையாகவும் கோல்கையைத் தாண்டியவை மேல்பட்டையாகவும் பிரிந்து தெரியும். நல்ல சர்-1இல் இரண்டு பட்டையும் உண்டு. மேல்பட்டை இல்லாத பிழையைப் பார்த்ததுமே பயணம் பாதியில் நின்றது தெரிந்துவிடும். பிறகு சவ்வின் சிறு துண்டைக் கண்ணாடிக் குழல் முனையில் பிடித்து மின்னோட்டத்தை அளக்கலாம். அதற்கு முதலில் வாய்க்கால் சவ்வில் இருக்க வேண்டும்.

அஷ்கெனாசி யூதர்களிடம் காணப்படும் ஒரு பிழையில், சர்-1இன் 1388ஆவது ஃபினைல்அலனைன் விடுபட்டிருக்கும். 2001இல் அதைச் சோதித்தபோது வாய்க்கால் சவ்வுக்கு வரவில்லை. ஆர்-கே-ஆர் குறியை அழித்துக் காவலை ஏமாற்றி ஓரளவு கொண்டுவந்தார்கள். வந்தும் பயனில்லை: ஏடிபி சிதைந்து உருவாகும் டைபாஸ்பேட்டை (ADP) அதனால் உணர முடியவில்லை. பயணமும் கெட்டது, வேலையும் கெட்டது. இங்கே காவல் நிறுத்தியது தவறல்ல. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயில் மிகப் பரவலான பிழையும், சர்-1இன் குடும்பத்தையே சேர்ந்த சிஎஃப்டிஆர் புரதத்தில் ஒரு ஃபினைல்அலனைன் விடுபடுவதுதான். அங்கும் புரதம் வலைக்குள்ளேயே நிற்கிறது. உறவுக்காரப் புரதங்களுக்கு உறவான துன்பம்.

பின்லாந்தின் வி187டியும் சவ்வுக்கு வரவில்லை. 116ஆவது இடத்தில் அலனைனுக்குப் பதில் புரோலின் வந்த ஏ116பி என்ற பிழையும் அப்படியே. இரண்டும் சர்-1இன் முன்பகுதியில், கிர்6.2ஐத் தொட்டு நிற்கும் ஐந்து சவ்வுச் சுருள்களுக்குள் இருக்கின்றன. கூடுவதற்கான கைப்பிடி அங்கேதான். கைப்பிடி கோணலானால் கூட்டு சரியாக அமையாது, குறி மறையாது, பொதி திருப்பி அனுப்பும், கடைசியில் செல் அதைச் சிதைத்துவிடும்.

இந்தக் குழந்தைகளின் படுக்கையருகே நிற்கும் மருத்துவருக்கு இரண்டு வகையும் ஒன்றுபோல்தான் தெரியும். டயசாக்சைடு சவ்வில் உள்ள வாய்க்காலைத் திறக்கும் மருந்து. வாய்க்கால் வராவிட்டாலும் தோற்கும், வந்து உணர்விழந்திருந்தாலும் தோற்கும். மருந்து தோற்றது என்பதிலிருந்து காரணம் தெரியாது. இடையே ஒன்று: தந்தையிடமிருந்து மட்டும் பிழை வந்து, கணையத்தின் ஒரு சிறு பகுதியில் தாயின் 11ஆம் குரோமோசோம் துண்டு தொலைந்துபோகும் வகையும் உண்டு. அதில் நோய் ஒரு புள்ளியில் மட்டும் குவிந்திருக்கும். ஃப்ளூரின்-18 டோபா பெட் ஸ்கேனில் அந்தப் புள்ளியைக் கண்டு, அதை மட்டும் எடுத்தால் குழந்தை குணமாகும். மரபணுப் பரிசோதனை உடனே வேண்டும் என்பதற்கு இதுவே போதிய காரணம்.

மாத்திரை செய்த வேலை

2004இல் ஷிங்கின் குழு ஏ116பி, வி187டி வாய்க்கால்கள் கொண்ட செல்களைக் கிளிபென்கிளமைடில் ஊறவைத்தது. மேல்பட்டை தோன்றியது. வாய்க்கால்கள் சவ்வுக்கு வந்துவிட்டன. மருந்தை நீக்கிச் சோதித்தபோது அவை ஏடிபிக்கு மூடின, ஏடிபி குறைந்து டைபாஸ்பேட் (ADP) கூடும் நிலைக்குத் திறந்தன, டயசாக்சைடுக்கும் பதில் சொன்னன. பின்லாந்துக் குழந்தைகளின் வாய்க்கால் வேலை தெரியாததல்ல. ஊர் சேராதது. டயசாக்சைடில் ஊறவைத்தால் இப்படி எதுவும் நடக்கவில்லை.

இது நினைத்துப் பார்க்க முடியாத திருப்பம். கிளிபென்கிளமைடு வாய்க்காலை மூடும் மருந்து. இன்சுலினைக் கொட்டவைக்கும் மருந்து. இன்சுலின் அதிகமாகிச் சாகும் அபாயத்தில் உள்ள குழந்தைக்கு அதைக் கொடுப்பது ஆபத்து. ஆகவே இங்கே சொன்ன எதையும் மருத்துவமாகக் கொள்ளக் கூடாது. இவை வளர்ப்புச் செல்களில் கண்டவை. ஆனால் அறிவியலுக்கு அது திறந்த கதவு பெரியது. மூடும் மருந்தே எப்படிக் கட்டவும் உதவுகிறது?

விடை 2017இல் தொடங்கி 2019 வரை வெளிவந்த கட்டமைப்புப் படங்களில் கிடைத்தது. கிர்6.2இன் தலைப்பக்க நுனி ஒரு தளர்ந்த கயிறு போன்றது. அது சர்-1இன் இரு பாதிகளுக்கு நடுவே உள்ள குழிக்குள் நுழைகிறது. கிளிபென்கிளமைடு உட்காரும் இடமும் அந்தக் குழிதான். மருந்து உள்ளே அமர்ந்ததும் கயிறு வெளியே நழுவாமல் நின்றுவிடுகிறது. கயிறு உள்ளே நின்றால் வாய்க்கால் திறக்க முடியாது. அது மூடும் செயல். கயிறு உள்ளே நின்றால் இரண்டு புரதங்களும் பிரியாமல் பிணைந்திருக்கும். அது கட்டும் செயல். ஒரே பிடிப்பு, இரண்டு விளைவு. கிர்6.2இன் அந்த நுனியை வெட்டிவிட்டால் மருந்தின் மீட்பு வேலையும் நின்றுபோகிறது. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபைனும் இதே குழியில் அமர்ந்து இதே உதவியைச் செய்கிறது என்பது 2013இல் செல்களிலும் 2019இல் படத்திலும் தெரிந்தது.

தனித்த சம்பவம் அல்ல இது. இதயத்துடிப்பைக் காக்கும் ஹெர்க் பொட்டாசியம் வாய்க்காலிலும், துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும் பிறவி நீள்-க்யூடி நோய்க்குக் காரணமான பிழைகளில் பெரும்பாலானவை பயணத்தையே கெடுக்கின்றன. 1999இல் ஹெர்க்கை அடைக்கும் ஒரு மருந்தே ஒரு பிழையை மீட்டது. 2002இல் ஒவ்வாமை மாத்திரையான ஃபெக்சோஃபெனடின், அடைக்காமலேயே மீட்டது. கே-ஏடிபியைத் துரத்துவோருக்கு அந்தச் செய்தி தெம்பு தரும்.

இதன் எதிர்முனையும் இருக்கிறது. வாய்க்கால் ஒழுங்காக ஊர் சேர்ந்து, ஆனால் மூட மறுக்கும் பிழைகள் கிர்6.2இலும் சர்-1இலும் உண்டு. அந்தக் குழந்தைகளுக்குப் பிறந்த சில மாதங்களிலேயே சர்க்கரை நோய் வரும். 2004இல் காரணம் தெரிந்தது. 2006இல் அப்படிப்பட்ட 49 பேருக்குச் சல்ஃபொனைல்யூரியா மாத்திரை கொடுத்ததில் 44 பேர் இன்சுலின் ஊசியை விட்டுவிட முடிந்தது. ஊசிக்குப் பதில் மாத்திரை என்ற அந்த மாற்றம், பிழை எங்கே இருக்கிறது என்று தெரிந்ததால் மட்டுமே வந்தது.

இரண்டு முனைகளும் ஒரே பிழையில் சந்திக்கக்கூடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆர்74டபிள்யூ, இ128கே என்ற இரண்டு பிழைகள் இன்சுலின் மிகை கொண்ட குழந்தைகளிடம் கிடைத்தவை. வி187டி போலவே இவையும் சர்-1இன் முன்பகுதியில் இருப்பவை, உள்ளேயே நின்றுவிடுபவை, சல்ஃபொனைல்யூரியாவால் சவ்வுக்கு வருபவை. 2009இல் அப்படிக் கொண்டுவந்து அளந்தபோது, அவற்றின் ஏடிபி உணர்வு இயல்பைவிட முறையே 6 மடங்கும் 12 மடங்கும் குறைந்திருந்தது. அதாவது மூட வேண்டிய நேரத்தில் மூடவில்லை. இன்சுலின் சுரக்கும் செல்களில் வைத்துப் பார்த்தபோது, மீட்கப்பட்ட வாய்க்கால்கள் செல்லை அளவுக்கு மீறி அமைதியாக்கி இன்சுலினைக் குறைத்தன. வராதவரை சர்க்கரை தாழும் நோய். வந்தால் சர்க்கரை உயரும் நோய்க்கு உரிய கோளாறு. ஒரே அமினோ அமிலம், நிற்கும் இடத்தைப் பொறுத்து எதிரெதிர் முகம் காட்டுகிறது.

அதனால்தான் "செயலிழப்பு" என்ற ஒற்றைச் சொல்லை எதிர்க்கிறேன். வி187டியையும் 1388 விடுபட்டதையும் இ128கேயையும் ஒரே பெட்டியில் அது போட்டுவிடுகிறது. முதலாவதுக்கு வழி காட்டினால் போதும். இரண்டாவதுக்கு வழி காட்டியும் பயனில்லை. மூன்றாவதை வழி காட்டிக் கொண்டுவந்தால் மறுபக்கம் விழும். புதிதாக ஒரு பிழை ஒரு குழந்தையிடம் கிடைக்கும்போது இரண்டு அளவுகள் தேவை: சவ்வில் எவ்வளவு வந்திருக்கிறது, வந்தது எப்படித் திறந்து மூடுகிறது. முதல் அளவு பூஜ்யமாக இருக்கும்போது இரண்டாவதை அளக்கவே முடியாது. ஆகவே ஆர்-கே-ஆரை அழித்தோ மருந்தில் ஊறவைத்தோ அதை முதலில் வெளியே கொண்டுவந்து பார்க்கத்தான் வேண்டும்.

இப்போது தேடப்படுவது, கூடும் நேரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, சவ்வுக்கு வந்தபின் விட்டுவிடும் ஒரு மூலக்கூறு. கிளிபென்கிளமைடு இறுக்கமாகப் பிடித்து நெடுநேரம் விடாது. அதே குடும்பத்துப் பழைய மாத்திரையான டோல்புட்டமைடு தளர்வாகப் பிடிக்கிறது; செல்களைக் கழுவியதும் விரைவில் நீங்கிவிடுகிறது, வாய்க்கால் சவ்வில் தங்கித் திறக்கிறது. ஆய்வகத்துத் தட்டில் கழுவுவது எளிது. குழந்தையின் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி இறங்கும் இடைவெளியில் அதே வேலையைச் செய்யவைக்க வேண்டும். அந்தக் குழியின் வடிவம் இப்போது அணு அணுவாகத் தெரியும் என்பதால், தேடல் அங்கிருந்து தொடங்குகிறது.